பஸ் ஓடியதா, ஓடவில்லையா? அரசுப் போக்குவரத்துக் கழக ஆவணங்களை ஆர்டிஐ-யில் வாங்க முழுமையான வழிகாட்டி

காலை 8.10-க்கு வரவேண்டிய டவுன் பஸ் அடிக்கடி வருவதில்லை என்று பணிமனையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "வண்டி தினமும் போகுதே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நிறுத்தத்தில் காத்து நின்றது ஊருக்கே தெரியும், ஆனால் எழுத்தில் சாட்சி கிடையாது. அந்த சாட்சி இருப்பது பணிமனைக்குள்ளேதான். அன்றைக்கு அந்த நடை (அதாவது பஸ்ஸின் அந்த ஒரு பயணம்) ஓடியதா, ரத்தானதா, ரத்தானால் என்ன காரணம் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். அந்தத் தாளை நம் கைக்கு வரவைப்பதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சுருக்கமாக ஆர்டிஐ.

2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. ஆனாலும் நிறைய பேர் புகார்க் கடிதத்தையே ஆர்டிஐ மனுவாக எழுதி அனுப்புகிறார்கள். "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் வந்ததும் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். சட்டம் பலவீனமானது என்பதால் அப்படி நடப்பதில்லை. கேட்ட விதம்தான் காரணம். கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு வரியின் விரிவுதான். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளை மனதில் வைத்து எழுதுகிறேன், ரயில் பற்றியும் தனியார் பஸ் பற்றியும் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

முதலில், என்னென்ன ஆவணம் இருக்கிறது?

சட்டத்தின் 2(எஃப்) பிரிவு "தகவல்" என்றால் என்ன என்று பட்டியல் போடுகிறது. பதிவேடுகள், சுற்றறிக்கைகள், உத்தரவுகள், ஒப்பந்தங்கள், அறிக்கைகள், கணினியில் உள்ள தரவுகள் என்று போகும் அந்தப் பட்டியலில் லாக் புக்கும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பஸ் விஷயத்தில் இது பெரிய வசதி, ஏனென்றால் ஒரு பஸ் பணிமனையை விட்டுக் கிளம்பி ராத்திரி திரும்பும்வரை அதைச் சுற்றி ஏகப்பட்ட காகிதம் உருவாகிறது.

முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணை. எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை நடை ஓட வேண்டும் என்பது இதில் இருக்கும். இது கையில் இல்லாமல் வேறு எதைக் கேட்டும் புண்ணியமில்லை. "8.10 பஸ்" என்று நாம் சொல்வது அவர்கள் தாளில் 7.55 என்று இருக்கலாம், அல்லது போன வருஷமே மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் எப்போதும் முதல் கோரிக்கை இதுவாகவே இருக்கட்டும்.

அடுத்தது பணிமனையின் தினசரி இயக்கப் பதிவு. அன்றைக்கு ஓட வேண்டிய நடைகள், ஓடியவை, ரத்தானவை, ரத்துக்கான காரணம் ஆகியவற்றை ஏதாவது ஒரு வடிவில் எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும். வண்டி பழுது, டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, விசேஷ நாளுக்காக வண்டி வேறு இடத்துக்குப் போனது என்று காரணங்கள் வகைப்படுத்தப்பட்டிருக்கும். இதிலிருந்துதான் தலைமையகத்துக்கு மாதாந்திர அறிக்கை போகிறது: ஓட வேண்டிய கிலோமீட்டர், ஓடிய கிலோமீட்டர், ரத்தான கிலோமீட்டர். தினசரிப் பதிவைத் தர இழுத்தடித்தாலும் மாதாந்திர அறிக்கையைத் தர மறுப்பது கஷ்டம், அது ஏற்கெனவே தொகுத்து முடித்த தாள்.

மூன்றாவது வண்டியோடு போகும் தாள்கள். டிரைவரின் லாக் ஷீட், கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு முடிக்கும் இன்வாய்ஸ், டிக்கெட் மெஷினில் பதிவாகும் விவரம். மெஷினில் போட்ட ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நேரம் உண்டு. 8.10 நடையில் முதல் டிக்கெட் 8.50-க்குப் போடப்பட்டிருந்தால், வண்டி தாமதமாகக் கிளம்பியது என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இவை தவிர வண்டிகளின் பதிவு எண், வயது, தகுதிச் சான்று தேதி, வழியில் நின்றுபோன விவரப் பதிவேடு, ஸ்டேஜ்வாரிக் கட்டணப் பட்டியல், பயணிகள் கொடுத்த புகார்களின் பதிவேடு ஆகியவற்றையும் கேட்கலாம். ஒப்பந்தங்களையும் மறக்க வேண்டாம். சென்னையில் 2025-ல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள் போல, தனியார் நிறுவனம் வண்டியை ஓட்ட, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் தரும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. நடை ரத்தானால் அந்த நிறுவனத்துக்கு என்ன அபராதம் என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, இது கிராமத்துத் தடங்களுக்கு மிகவும் முக்கியம். "அந்த ரூட்டில் வசூல் இல்லை, அதனால் நடையைக் குறைத்தோம்" என்பது வழக்கமான பதில். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்துக்குப் பிறகு, சாதாரண டவுன் பஸ்ஸில் வசூலை மட்டும் வைத்துக் கூட்டத்தைக் கணிக்க முடியாது. பெண்களுக்குத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டும் மெஷினில் பதிவாகிறது, அதற்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. எனவே வசூலைக் கேட்கும்போது அதே தடத்தின் கட்டணமில்லா டிக்கெட் எண்ணிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். வசூல் குறைவாகவும் வண்டி நிறைந்தும் இருக்கும் தடங்களை அந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும்.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டு. சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம், நீண்டதூர வண்டிகளுக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மற்றவை விழுப்புரம், சேலம், கோயம்புத்தூர், கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஒரு பேருந்து நிலையத்தில் இரண்டு மூன்று கழகங்களின் வண்டிகள் நிற்கும், அதனால் உங்கள் வண்டி எந்தக் கழகம், எந்தப் பணிமனை என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு கழகத்திலும் ஆர்டிஐ மனுக்களை வாங்கிப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். அவர் பெயரும் பதவியும் கழகத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். 4(1)(பி) பிரிவின்படி கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்களில் அதுவும் ஒன்று. பெயர் தெரியாவிட்டால் பதவியைப் போட்டு முகவரி எழுதினால் போதும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதை நம்பி ஏனோதானோவென்று அனுப்ப வேண்டாம், காலம்தான் வீணாகும்.

தனியார் பஸ், மினி பஸ் என்றால் நிறுவனத்திடம் ஆர்டிஐ செல்லாது. அதற்கு அனுமதி கொடுத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பர்மிட்டில் குறிப்பிட்ட வழித்தடமும் நேர அட்டவணையும் அங்கே இருக்கும். பர்மிட் உள்ள கிராமத்துக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே திரும்பிப்போகும் வண்டிகளுக்கு இந்த ஒரு நகல் போதும். ரயில் என்றால் மத்திய அரசு, அதனால் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்திலேயே மனுப் போட்டுப் பணமும் கட்டலாம்.

மனு எழுதுவது

வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, காரணம் சொல்ல வேண்டும் என்றது. சில நாட்களிலேயே நீதிமன்றமே முன்வந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. அதனால் யாராவது "எதுக்குங்க இது?" என்று போனில் கேட்டால், "மனுவில் இருப்பதைக் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "எங்கள் ஊருக்கு ஏன் பஸ் சரியாக வருவதில்லை? இதற்கு யார் பொறுப்பு?" என்று எழுதினால் அது ஆர்டிஐ ஆகாது. கையில் இருக்கும் தகவலைத் தருவதுதான் அலுவலரின் கடமை. இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கருத்தும் விளக்கமும் சொல்லவோ அவருக்குக் கடமை இல்லை என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே விஷயத்தை இப்படித் திருப்பினால் கதையே வேறு: "குறிப்பிட்ட தேதிகளில் இந்த நடை ரத்தானதற்குப் பணிமனைப் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள காரணம், பதிவேட்டின் நகலுடன்." இங்கே "ஏன்" என்ற சொல்லே இல்லை, ஆனால் ஏன் என்பதற்கான பதில் வந்துவிடும்.

ஒரு மாதிரி மனு:

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண்
பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், … போக்குவரத்துக் கழகம், … மண்டலம்
பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் ஆவண நகல் கோருதல்

ஐயா / அம்மையீர்,
… பணிமனையிலிருந்து இயக்கப்படும் தடம் எண் … தொடர்பாக, கடந்த ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரையிலான காலத்துக்குக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன்.

1. மேற்படி தடத்துக்கு அங்கீகரிக்கப்பட்டு நடைமுறையில் இருந்த கால அட்டவணை.
2. மேற்படி தடத்தில் நாள்வாரியாக இயக்க வேண்டிய நடைகள், இயக்கப்பட்ட நடைகள், ரத்தான நடைகள், ரத்துக்குப் பதிவேட்டில் குறிப்பிட்ட காரணம் ஆகியவை அடங்கிய பக்கங்கள்.
3. மேற்படி தடத்தின் மாதவாரி வசூல், மாதவாரி கட்டணமில்லா மகளிர் டிக்கெட் எண்ணிக்கை அடங்கிய அறிக்கைகள்.
4. மேற்படி தடம் குறித்து வந்த புகார்களும், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை அடங்கிய கோப்புப் பக்கங்களும்.
5. மேற்படி ஆவணங்களைப் பராமரிக்க வேண்டிய காலத்தைக் குறிப்பிடும் உத்தரவு.

2, 3-ஆம் இனங்கள் கணினியில் இருப்பின் மின்னணு வடிவில் வழங்கவும். கோரிய தகவலில் ஒரு பகுதி வேறு அலுவலகத்தைச் சேர்ந்தது எனில் பிரிவு 6(3)-ன்படி மாற்றி அனுப்பவும். கட்டணம் ரூ.10 இணைக்கப்பட்டுள்ளது. நான் இந்தியக் குடிமகன் / குடிமகள்.

தேதி, இடம், கையொப்பம்.

அவ்வளவுதான். ஒரு தடம், ஒரு பணிமனை, மூன்று மாதம் என்ற அளவைத் தாண்டாதீர்கள். "மண்டலத்தில் உள்ள எல்லாத் தடங்களும், கடந்த ஐந்து வருடம்" என்று கேட்டால் 7(9) பிரிவைக் காட்டி, அலுவலக வேலையே நின்றுவிடும் என்பார்கள். அந்தப் பிரிவு தகவலை மறுக்க இடம் கொடுக்கவில்லை, கேட்ட வடிவத்தை மாற்றத்தான் இடம் கொடுக்கிறது. ஆனாலும் நாம் ஏன் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்? பெரிய விஷயமென்றால் இரண்டு மூன்று சின்ன மனுக்களாகப் பிரித்துவிடுங்கள், வேறு வேறு ஆட்கள் பெயரில் போட்டாலும் சரி.

ஐந்தாவது இனத்தை ஏன் சேர்த்தேன் என்றால், "பதிவேடு அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால் அழிக்க வேண்டிய காலம் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று பார்க்க அது உதவும். சிசிடிவி காட்சி வேண்டுமென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பழைய காட்சியின் மேலேயே புதியது பதிவாகிவிடும். மனுவின் முதல் வரியிலேயே, இந்தத் தேதி, இந்த நேரம், இந்தப் பதிவு எண் வண்டியின் காட்சியை மனு முடியும்வரை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

நகல் வேண்டாம், நேரில் போய்ப் பார்த்தால் போதும் என்றால் அதற்கும் 2(ஜே) பிரிவில் உரிமை உண்டு. நிறைய பக்கங்கள் உள்ள லாக் ஷீட் போன்றவற்றுக்கு இதுதான் நல்ல வழி என்பேன். பதிவேடுகளை நேரில் புரட்டினால், நமக்குப் பெயரே தெரியாத இன்னொரு பதிவேடு கண்ணில் படும். குறிப்பெடுக்கலாம், வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்கலாம். விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போக விரும்புவதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டணமும் அனுப்புவதும்

தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். மனுவின் மேலேயே நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிவிடுவதுதான் சுலபம், ஸ்டாம்ப் விற்பனையாளரிடம் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை வைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் அச்செடுத்து மனு நகலோடு சேர்த்து வையுங்கள். பின்னால் மேல்முறையீடு என்று வந்தால் எல்லாமே தேதிக் கணக்குதான். தமிழ்நாடு அரசுக்கும் ஆர்டிஐ ஆன்லைன் தளம் இருக்கிறது, உங்கள் கழகம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

30 நாள்

மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மனுவை வாங்கி அவருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாகப் போனால் 5 நாள் கூடும். இடையில் "இத்தனை பக்கம், இவ்வளவு ரூபாய் கட்டவும்" என்று கடிதம் வரலாம். அந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை 30 நாள் கணக்கில் சேராது, ஆகவே உடனே கட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம், கெடு தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி நகல்களை இலவசமாகத் தர வேண்டும். தாமதமாகப் பதில் அனுப்பிவிட்டுப் பணமும் கேட்டால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மறுத்தால் என்ன சொல்வது?

"மூன்றாம் நபர் தகவல்", "வணிக ரகசியம்" என்று ஒப்பந்தங்களுக்குச் சொல்வார்கள். 8(1)(டி) பிரிவு அது. மூன்றாம் நபர் என்றால் 11-வது பிரிவின்படி அந்த நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும், அதற்காக மொத்தம் 40 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் வேண்டாம் என்று சொன்னாலே முடிந்துவிடாது, முடிவெடுக்க வேண்டியது அலுவலர்தான். பொதுப் பணத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் விலையும் அபராத விதியும் எப்படிப் போட்டியைக் கெடுக்கும் என்று அவர்தான் விளக்க வேண்டும். மறுப்பு சரியென்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது என்று 19(5) சொல்கிறது.

"தனிநபர் தகவல்" என்பது 8(1)(ஜே). 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கை முன்பைவிட விரிவாக்கிவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் நம் வேலைக்கு டிரைவர், கண்டக்டர் பெயரோ அவர்களின் விடுப்பு விவரமோ தேவையே இல்லை. அந்தத் தொழிலாளிகள் மேல் பழி போடுவதும் நம் நோக்கம் இல்லை. லாக் ஷீட்டில் பெயர் இருந்தால் மறைத்துவிட்டு மீதியைத் தாருங்கள் என்று 10-வது பிரிவைச் சொல்லி நாமே எழுதிவிடலாம். பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது.

"விசாரணை நடக்கிறது" என்று விபத்துக் கோப்புகளுக்கு வரும். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் அந்த விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"தகவல் தொகுக்கப்படவில்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வரும் பதில். அதற்கு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். "தொகுத்துத் தர வேண்டாம், மூலப் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியுங்கள்" என்று அடுத்த மனுவைப் போடுங்கள்.

மேல்முறையீடு

30 நாளில் பதிலே வராவிட்டாலும் சட்டப்படி அது மறுப்புத்தான். பதில் கிடைத்த நாளிலிருந்தோ கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாட்களுக்குள், அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியான முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஒரே பக்கம் போதும்: எந்த இனத்துக்குப் பதில் இல்லை, எதற்கு அரைகுறைப் பதில், எந்தப் பிரிவின்படி தர வேண்டும். கோபத்தையெல்லாம் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் 30 நாட்களுக்குள், காரணம் எழுதி நீட்டித்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிறைய மனுக்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ரயில்வே போன்ற மத்திய அலுவலகங்களுக்கு மத்திய தகவல் ஆணையம். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 18-வது பிரிவில் புகார் கொடுத்தால் ஆணையம் அலுவலரைத் தண்டிக்கலாம், ஆனால் உங்களுக்குத் தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தகவல் கைக்கு வர வேண்டுமென்றால் 19(3)-ன் கீழ் மேல்முறையீடுதான் வழி. தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க 20-வது பிரிவு இடம் தருகிறது. அதையும் அதே மேல்முறையீட்டில் கோரலாம். ஆணையத்தில் விசாரணைக்கு வரக் காலம் பிடிக்கும், அதனால்தான் முதல் மேல்முறையீட்டைக் கவனமாக எழுதச் சொல்கிறேன்.

தாள் கைக்கு வந்த பிறகு

கால அட்டவணையை ஒரு பக்கம், நாள்வாரிப் பதிவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நடை நேரம், காரணம். ரத்தான நடைகளை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லா நடையும் ஒரே அளவில் ரத்தாவதில்லை, குறிப்பிட்ட ஒன்றிரண்டு நடைகள்தான் திரும்பத் திரும்ப பலியாகியிருக்கும். காரணக் கட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்றே வந்தால் உங்கள் கோரிக்கை காலிப் பணியிடம் பற்றியது. வண்டி பழுது என்றே வந்தால் அந்தத் தடத்துக்கு ஒதுக்கிய வண்டியின் வயதைக் கேட்டு அடுத்த மனு. ஓடியதாகப் பதிவாகி, ஆனால் ஊரில் யாரும் பார்க்காத நடை இருந்தால், அந்த நாளுக்கு மட்டும் டிக்கெட் மெஷின் விவரத்தைக் கேளுங்கள்.

பிறகு அந்தக் கணக்கை ஒரே பக்கமாக எழுதி, சான்றிட்ட நகல்களைப் பின்னால் இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். இன்னொரு பிரதியைக் கிளை மேலாளரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கிராமமென்றால் அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கச் சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கும். தீர்மானத்தில் "பஸ் சரியாக வருவதில்லை" என்று எழுத விடாதீர்கள். தடம் எண், நடை நேரம், ரத்தான தேதிகள், பணிமனையே எழுதிய காரணம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.